ஆரஞ்சுக்குக் காம்பு வரைந்தவர்

ஹிக்மத் எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால், நல்ல மனிதர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். எங்கள் துறைமுக ஊரான லத்தாக்கியாவில் யாரைப் பற்றி யார் கேட்டாலும் இதுதான் பதில். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க இதைவிட வசதியான சொல் கிடையாது. ஆனால் அவர் நிஜமாகவே நல்ல மனிதர்தான், அதுதான் என் தலைவலி.

துறைமுகத்தில் மூன்றாம் கிடங்குக்குப் பின்னால் இருந்த அச்சுப்பொருள் சோதனை அறையில் பதினான்கு வருடம் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவள் நான். என் பெயர் விதாத். கப்பலில் வரும் எதில் படம் அச்சாகியிருந்தாலும் முதலில் எங்கள் அறைக்கு வரும். பள்ளி அட்லஸ், டயர் கம்பெனி நாட்காட்டி, பால்பவுடர் டின், உலக உருண்டை, எதுவானாலும் சரி. அதில் நம் நாட்டு வரைபடம் இருந்தால் வடமேற்கு மூலை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மூலைக்கு லிவா என்று பெயர். முப்பத்தொன்பதில், அப்போது எங்களை ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சுக்காரன் அதைத் தூக்கித் துருக்கிக்குக் கொடுத்துவிட்டான். தரையில் அது அவர்களுடையது, எங்கள் காகிதத்தில் எங்களுடையது. வெளிநாட்டு அச்சகத்துக்காரனுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. மூலையை வெட்டிவிட்டே அனுப்புவான்.

ஹிக்மத் அந்த எல்லைக் கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுப்பார். பிறகு கறுப்புப் பேனாவால் வெளிக்கோட்டை இழுத்து, கடற்கரையோடு சேர்த்து, மூலையைத் திரும்ப ஒட்டவைப்பார். நாலாயிரம் நாட்காட்டி வந்தால் நாலாயிரம் தடவை. நான் 'திருத்தப்பட்டது' என்று அறிக்கை அடிப்பேன். அதில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது.

அவர் பிறந்ததே அந்த மூலையில்தான். ஆஸி ஆறு கடலில் விழுகிற இடத்தில், சுவைதியாவில். ஒன்பது வயதில் ஒரு லாரியின் பின்புறம் அம்மாவோடும் தையல் மெஷினோடும் இங்கே வந்து இறங்கியவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை. அறைக்கு வருகிறவர்கள் இதைக் கேள்விப்பட்டதும் உருகிப்போவார்கள். மகள் லமீஸின் பெயரால், லமீஸின் அப்பா என்ற பொருளில், அபூ லமீஸ் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். "அபூ லமீஸ், எப்படிப்பட்ட பாக்கியம், பொறந்த ஊரை உங்க கையாலேயே தெனமும் மீட்கறீங்க" என்பார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாட்காட்டியை எடுப்பார்.

நானும் ஒருமுறை கேட்டேன். "வரையறப்போ உங்க வீடு ஞாபகம் வருமா?"

யோசித்துத்தான் பதில் சொன்னார். "மொத வருஷம் வந்துச்சு தங்கச்சி. பேனா ஆத்து வாய்கிட்ட வந்தா கை நின்னுடும். அப்புறம் நின்னுபோச்சு."

"எது, ஞாபகமா?"

"கை நிக்கறது."

தொடக்கத்தில் கை நடுங்காமல் வரைவதற்காக அவரே ஏழு அளவுகளில் அச்சு வெட்டி வைத்திருந்தார். அம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டியவை. வெளிச்சத்தில் பிடித்தால் விலா எலும்பு தெரியும். "அவங்க போனப்புறம் சும்மாதானே கெடந்துச்சு" என்றார். இரண்டாம் வருடத்திலிருந்து அச்சும் தேவைப்படவில்லை. மேசையின் கீழ் இழுப்பறையில் போட்டுவிட்டுக் கையாலேயே வரைந்தார். பேனா ஓடிக்கொண்டிருக்கும்போது கண் ஜன்னலுக்கு வெளியே பாரந்தூக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்படிப் பார்த்துப் பார்த்து அவர் கண் கெட்டுப்போனது. கெட்டுப்போனது என்று நான் சொல்கிறேன், அலுவலகம் அதைத் திறமை என்றது. வரைபடத்தில் மட்டுமில்லை, எந்தக் கம்பெனிச் சின்னத்தைப் பார்த்தாலும் அவருக்கு உள்ளே இன்னொன்று தெரிந்தது. சட்டை கம்பெனியின் பறவைக்குச் சிறகுக்கும் வாலுக்கும் நடுவே ஒரு கோடாரி. சலவைத்தூள் நுரையில் பல் இல்லாத ஒரு கிழவன். நாள் முழுக்க நாங்கள் மத்தே குடிப்போம், வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சுகிற இலைத் தேநீர். அந்தப் பொட்டலத்தில் இரண்டு இலை போட்டிருக்கும். ஒருநாள் நகத்தால் தொட்டுக் காட்டி, "இந்த நரம்பைப் பாரு, ஒரு ஆளு குந்தியிருக்கான்" என்றார். பார்த்தேன். குந்தியிருந்தான், அதுவும் கழிவறையில் குந்துகிற மாதிரி, முகத்தைச் சுளித்துக்கொண்டு. அன்றிலிருந்து என் வீட்டில் மத்தே கண்ணாடிப் புட்டிக்கு மாறியது. பொட்டலத்தை ஏன் வாங்கின உடனே கிழித்துப் போடுகிறாய் என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை கேட்கிறார். சொன்னால் அவருக்கும் தெரிந்துவிடும். ஒரு வீட்டில் ஒருத்தி கெட்டது போதாதா.

அவருக்கு ஒரே மகள், லமீஸ். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிவிட்டதால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். தலைநகர் திமிஷ்கில் ஓவியம் படித்துவிட்டு வந்த அவளுக்கு, ஆரஞ்சு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற தற்காலிக வேலை கிடைத்தது. எண்பத்திரண்டில் சங்கம் பழச்சாறு போடுவது என்று முடிவுசெய்து, அட்டைப்பெட்டிக்குச் சின்னம் வரைந்து தரச் சொல்லிப் போட்டி வைத்தது. லமீஸ் வரைந்ததைத்தான் எடுத்தார்கள். பெட்டி கடைக்கு வந்ததும் வரைகலைப் பிரிவில் அவளுக்கு நிரந்தர வேலை என்று வாக்கும் கொடுத்தார்கள். படித்த படிப்புக்கு ஒரு வேலை. அவளுடைய வகுப்பில் பாதிப் பேருக்கு அது வாய்க்கவில்லை.

படத்தைக் காட்ட எங்கள் அறைக்கே வந்தாள், கையில் கீரை அடைத்துச் சுட்ட ஃபத்தாயிர் ஒரு தட்டு நிறைய. உருண்டையாக ஒரு ஆரஞ்சு, இடது உச்சியில் ஒரு பச்சை இலை, அவ்வளவுதான்.

"இதுக்கா ஆறு மாசம் மண்டைய ஒடச்சுக்கிட்டே? நானே வரைஞ்சிருப்பேனே" என்றேன்.

"நீங்க வரைஞ்சா அது உருளைக்கெழங்கா இருக்கும் அத்தை."

"எலைய வச்சா உருளைக்கெழங்கும் ஆரஞ்சாயிடும் போ."

ஹிக்மத் ஒருமுறை பார்த்தார். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு ஃபத்தாயிரை எடுத்துக் கடித்தார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. லமீஸ் அன்று துள்ளிக்கொண்டு படியிறங்கினாள்.

அடுத்த பிப்ரவரியில் பெட்டிகள் சைப்ரஸில் அச்சாகி வந்தன. தட்டையாக மடித்து, நூறு நூறாகக் கட்டி, முப்பதாயிரம். வழக்கமாக இப்படி ஒரு சரக்குக்கு ஹிக்மத் இரண்டு நிமிடம்கூட எடுக்கமாட்டார். அன்று ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தவர், பகல் தொழுகைக்கு அழைப்பு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படியே. மகள் வரைந்தது, பெருமையில் பார்க்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இங்க வா. என்ன தெரியுது?"

"ஆரஞ்சு."

"எலையப் பாரு."

"வேணாம் அபூ லமீஸ். மத்தே பொட்டலத்தோட போதும். எனக்கு எதையும் காட்டாதீங்க."

அதற்குள் அவர் நகம் இலையின் ஓரத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. இடது பக்கம் உள்வாங்கிய வளைவு, மேலே ஒரு மூக்கு, கீழே குறுகலான வால். லிவா. இலை லிவா என்றால், அது உட்கார்ந்திருக்கிற பழம் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லமீஸின் படத்தில் இலை பழத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அச்சுக்காரன் பச்சை மை ஆரஞ்சில் கலந்துவிடக்கூடாது என்று இரண்டுக்கும் நடுவில் நூல்போல ஒரு வெள்ளை இடைவெளி விட்டிருந்தான். மூலைக்கு ஒரு நிறம், நாட்டுக்கு ஒரு நிறம், நடுவே ஒரு எல்லைக் கோடு. எங்கள் சட்டத்தில் இதைவிட மோசமான வரைபடம் இருக்க முடியாது. நான் கண்ணை மூடித் திறந்தேன். ஆரஞ்சு போய்விட்டிருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஏன் காட்டினீங்க? நீங்க வாயத் தொறக்கலேன்னா இது ஆரஞ்சு. முப்பதாயிரம் ஆரஞ்சு. கையெழுத்தப் போடுங்க, நானும் போடறேன், லாரி ஏத்தி அனுப்பிடலாம்."

"வேற யாராவது பாத்துட்டா?"

"எவன் பாப்பான்? உங்க கண்ணு எவனுக்கு இருக்கு?"

"அதத்தான் நானும் சொல்றேன். ஹிக்மத் கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு ஊருக்கே தெரியும். அவன் பொண்ணு வரைஞ்சது மட்டும் தப்பிச்சுதுன்னா, அப்பனும் மகளும் சேர்ந்து செஞ்சதுன்னு ஆயிடும். என்னை என்ன வேணா கேக்கட்டும். அவளக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேப்பாங்களே."

"வேணும்னே வரைஞ்சாளான்னு அவகிட்டயே கேட்டீங்களா?"

"கேட்டா அவளுக்கும் தெரிஞ்சுடும். நாளைக்கு விசாரணைன்னா தெரியாதுன்னு பொய் சொல்லணும். அவளுக்குப் பொய் வராது."

இதையெல்லாம் அவர் சொன்ன குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கப்பல் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற குரல்.

வெள்ளை இடைவெளியைச் சுரண்டி எடுக்க முடியாது, சுரண்டினால் இன்னும் வெள்ளையாகும். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பழத்துக்கும் இலைக்கும் நடுவே கறுப்புப் பேனாவால் சின்னதாக ஒரு கோடு. காம்பு. இலை பழத்தோடு சேர்ந்துவிடும், பார்க்கிறவனுக்கும் காம்பாகத்தான் தெரியும். சரியான யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. நானே கட்டுகளைப் பிரித்து அடுக்கிக் கொடுத்தேன். அவர் கோடு போட்டார். காலை எட்டரையிலிருந்து இரண்டரை வரை, ஒரு பெட்டிக்கு ஒரு கோடு. மத்தே ஆறிப்போனால் அப்படியே குடித்தார். ஆறாம் நாள் பதினெட்டாயிரத்தைத் தாண்டியிருந்தோம்.

அன்று எங்கள் மேலதிகாரி உஸ்தாத் ஃபவ்வாஸ் வந்தார். பொல்லாதவர் இல்லை. பாதி நேரம் எங்கள் அறைக்கு வருவதே மத்தேவுக்காகத்தான். தானே கெட்டிலை எடுத்து வெந்நீர் ஊற்றிக்கொண்டு மேசை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்ன அபூ லமீஸ், பழத்துக்கெல்லாம் காம்பு வச்சுக்கிட்டிருக்கீங்க? காத்தடிச்சா விழுந்துடும்னா?"

நான் முந்திக்கொண்டேன். "அச்சுக்காரன் விட்டுட்டான் உஸ்தாத். பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு."

"பாக்க ஒரு மாதிரி இருந்தா நமக்கென்னம்மா? நாம என்ன அழகு நிலையமா வச்சிருக்கோம்?" என்று சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியை எடுத்தார். காம்பு வரையாத இன்னொன்றையும் எடுத்துப் பக்கத்தில் பிடித்தார்.

இதை நான் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த அறையில் கறுப்புப் பேனா பதினான்கு வருடமாக ஒரே ஒரு வேலையைத்தான் செய்தது. அது எதையாவது எதோடாவது சேர்த்தால், சேர்ந்தது என்ன என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சும்மா விட்டிருந்தால் உஸ்தாத் ஃபவ்வாஸ் அந்தப் பெட்டியில் ஆயுசுக்கும் ஆரஞ்சைத்தான் பார்த்திருப்பார். நாங்கள்தான் ஆறு நாள் உட்கார்ந்து, பதினெட்டாயிரம் தடவை அடிக்கோடிட்டு வைத்திருந்தோம்.

அவர் குழலை வாயிலிருந்து எடுத்தார். கண்ணாடிக் குவளையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இத யாரு வரைஞ்சது?"

"என் பொண்ணு" என்றார் ஹிக்மத்.

"ஏன்யா" என்றார் உஸ்தாத் ஃபவ்வாஸ். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை, கெஞ்சல். "ஏன்யா எனக்குத் தெரியற மாதிரி வச்சே? இப்ப நான் எழுதாம இருக்க முடியுமா?"

எழுதினார். லமீஸை மூன்று தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். யாரும் அவளைத் தொடவில்லை, சத்தம் போடவில்லை. ஒரு நாற்காலியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார வைத்து அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இது யார் யோசனை, ஏன் இடது பக்கம், சைப்ரஸில் யாரைத் தெரியும். அவள் ஒரே பதிலைச் சொன்னாள். பழத்துக்கு இலை இருக்கும், அதனால் வரைந்தேன். மூன்றாம் தடவை ஒருத்தர் அலுத்துப்போய், "உங்க அப்பாதாம்மா மொதல்ல பாத்தாரு" என்று சொல்லியிருக்கிறார். அதுவரை அவளுக்கு அது தெரியாது.

கடைசியில் உள்நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். முப்பதாயிரம் பெட்டியையும் கூழாக்கினார்கள். பழச்சாறு வெறும் எழுத்து போட்ட பெட்டியில் கடைக்கு வந்தது. நிரந்தர வேலை என்ற பேச்சையே சங்கத்தில் யாரும் எடுக்கவில்லை. லமீஸ் படம் சம்பந்தப்பட்ட எதையும் தொடக்கூடாது என்று சொல்லிப் பழம் பொறுக்குகிற கொட்டகைக்கு மாற்றினார்கள். ஹிக்மத்தை இரண்டு வருடம் முன்கூட்டியே ஓய்வில் அனுப்பினார்கள். கட்டுகளைப் பிரித்துக் கொடுத்த எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதை நானே தட்டச்சு செய்தேன்.

அவர் தன் சாமான்களை எடுக்க வரவில்லை. ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, இழுப்பறையில் இருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. பால்கனியில் கடலைப் பார்க்கிற மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ஆனால் கடலைப் பார்க்கவில்லை. லமீஸ் மத்தே கொண்டுவந்து வைத்தாள். கை விரல்களில் ஆரஞ்சுத் தோலின் மஞ்சள் ஏறியிருந்தது. அப்பாவிடம் சண்டையா என்று உற்றுப் பார்த்தேன். சண்டை இல்லை. சர்க்கரை போதுமா என்று அவள் கேட்டாள், போதும் என்று அவர் சொன்னார்.

பையைப் பிரித்ததும் அந்த எக்ஸ்ரே துண்டுகள் மேசையில் விழுந்தன.

"என்ன இது?" என்றாள்.

"லிவா. ஏழு அளவு" என்றார்.

லமீஸ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெட்டி. கூழாக்கியதில் தப்பிய ஒரே பெட்டி. மாதிரிக்கு என்று அச்சகம் முதலில் அனுப்பியது. காம்பு போடாதது. அதை மேசையில் விரித்து, ஏழு அச்சில் பெரிதை எடுத்து இலையின்மேல் வைத்தாள். பொருந்தவில்லை. அடுத்ததை வைத்தாள். மூன்றாவது அளவில் ஏறத்தாழ சரியாக இருந்தது, ஆனால் அச்சில் வளைவு உள்ளே போகிற இடத்தில் இலை வெளியே புடைத்துக்கொண்டிருந்தது, வால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. நகர்த்தினாள், சாய்த்து வைத்தாள். ஏழையும் வைத்துப் பார்த்து முடித்தாள்.

"பொருந்தலப்பா" என்றாள்.

அந்த இழுப்பறை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் பதினான்கு வருடம் இருந்தது. ஆறு நாள் கட்டுப் பிரித்தவளுக்கு அதைத் திறந்து ஒருமுறை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஃபவ்வாஸுக்குத் தோன்றவில்லை, விசாரித்தவர்களுக்கும் தோன்றவில்லை. அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததை யாராவது அளந்து பார்ப்பார்களா. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மத்தேவைக் குடித்தேன்.

"ஆமா, பொருந்தல" என்றார் ஹிக்மத். அதே குரல்.

லமீஸ் அச்சுகளை ஒதுக்கிவிட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தாள். எட்டப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்தாள், தலைகீழாகத் திருப்பினாள்.

"பொருந்தலதான். ஆனா இப்ப எனக்கும் அதுதான் தெரியுது" என்றாள். "நான் வரைஞ்ச எலையக் காணோம்."

ஹிக்மத் கையை நீட்டிப் பெட்டியை வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டு, அன்று எனக்குக் காட்டிய மாதிரியே நகத்தால் இலையின் ஓரத்தைத் தடவ ஆரம்பித்தார். மூக்கு, உள்ளே வளைவு, பிறகு கரையோரமாகக் கீழே. வாலுக்குச் சற்று மேலே, ஆறு கடலில் விழுகிற இடம் வந்தபோது, அவர் கை நின்றது.

நான் குவளையை வைத்துவிட்டேன். கை நகரவில்லை.

"என்னப்பா?" என்றாள் லமீஸ்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். "எலைதான்."